சொறி போன வழி

செம்மறி ஆட்டுச் சொறி ஆஸ்திரேலியாவை விட்டுப் போனது 1896இல். விக்டோரியா 1876இலும் டாஸ்மேனியா 1881இலும் விடுபட்டிருந்தன. கடைசியாக விடுபட்டது மேற்கு ஆஸ்திரேலியா. அன்று அங்கே கையிலிருந்த மருந்து புகையிலைக் கஷாயம், கந்தகம், சுண்ணாம்பு, ஆர்சனிக், பாதரசக் களிம்பு, அவ்வளவுதான். அதே சரக்கு பிரிட்டனிலும் கிடைத்தது. சொல்லப்போனால், அதைத் தூளாக்கிப் பொட்டலம் கட்டி உலகத்துக்கு விற்றதே பிரிட்டன்தான். 1852இல் பெர்க்கம்ஸ்டெட் ஊரில் வில்லியம் கூப்பர் என்ற கால்நடை வைத்தியர் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்த்துத் தயாரித்த தூள் பல நாடுகளின் ஆட்டுப் பட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் பிரிட்டனில் 1952 வரை சொறி ஒழியவில்லை. ஒழிந்தது 1973இல் திரும்ப வந்தது, இன்றும் இருக்கிறது. பூச்சி ஒன்று, மருந்து ஏறக்குறைய ஒன்று, முடிவு மட்டும் இரண்டு. காரணத்தை மருந்தில் தேடிப் பயனில்லை. மந்தைக்குள் எந்த ஆடு வருகிறது, யார் கண்ணில் பட்டு வருகிறது என்பதை ஒரு சமூகம் எவ்வளவு கறாராகக் கவனித்தது என்பதில் தேட வேண்டும். இன்று பண்ணை உயிர்ப் பாதுகாப்பு என்ற பெயரில் கால்நடை மருத்துவர்கள் சொல்லித் தருவதன் பெரும்பகுதி, ஒட்டுண்ணி ஆய்வகங்கள் தோன்றுவதற்கு முன்பே, சொறிக்கு எதிரான சண்டையில் ஆட்டுக்காரர்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்டதுதான்.

சொறியை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் ஒரு நுண்பூச்சி. தோலைத் துளைத்து உள்ளே போகாது; மேல்தோலிலேயே, ரோமத்தின் அடியில் வாழும். அதன் கழிவு பட்ட தோல் வெந்து, நீர் கசிந்து, பொருக்குத் தட்டும். ஆடு அரிப்புத் தாங்காமல் கம்பத்திலும் மரத்திலும் உரசும், விலாவைத் தானே கடித்து ரோமத்தைப் பிய்க்கும், மேய்ச்சலை மறக்கும். குளிர்காலத்தில் இளைத்துச் செத்தும் போகும். முட்டை பொரிந்து, வளர்ந்து, அடுத்த முட்டை இடுவதற்கு இரண்டு வாரம் போதும். ஆட்டின் உடம்பை விட்டு விழுந்தாலோ பதினாறு, பதினேழு நாளுக்கு மேல் தாங்காது. வேறு இடைத்தாங்கி கிடையாது, மண்ணிலும் புல்லிலும் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும் முட்டை கிடையாது. ஆட்டிலிருந்து ஆட்டுக்குத் தாவ வேண்டும், அல்லது ஆடு உரசிய கம்பத்தில் ஒட்டிய ரோமக் கொத்தில் சில நாள் காத்திருக்க வேண்டும். இதைவிடப் பலவீனமான எதிரி ஒட்டுண்ணி உலகில் அரிது. இருந்தும் ஈராயிரம் ஆண்டு மனிதனை ஆட்டிவைத்தது என்றால், அதற்கு ஒரே தந்திரம் போதுமாயிருந்தது. கோடையில் ஆட்டின் தொடை இடுக்கிலும் கண்ணுக்குக் கீழுள்ள குழியிலும் விரைப்பையின் மடிப்பிலும் ஒதுங்கிக்கொள்ளும். சந்தைக்கு வந்த கிடா மொழுமொழுவென்று ஆரோக்கியமாகத் தெரியும். வாங்கியவர் வீட்டில் மழையும் குளிரும் வந்த பிறகுதான் விஷயம் வெளிப்படும்.

பழைய வைத்தியங்கள் எல்லாமே ஆட்டின் மேல்தான் கண் வைத்தன. ரோமானியர் காட்டோ, ரோமம் கத்தரித்த பிறகு ஒலிவ எண்ணெய்க் கசடும் மதுக் கசடும் பயறு வேகவைத்த நீரும் கலந்து பூசி, சில நாள் கழித்துக் கடல்நீரில் கழுவச் சொல்லியிருக்கிறார். ஸ்காட்லாந்து மலைகளில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தாரையும் வெண்ணெயையும் குழைத்து, ரோமத்தை வகிடு வகிடாகப் பிரித்து, விரலால் தோலில் தேய்த்தார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளில் இருபது ஆடு முடிந்தால் பெரிது. தார் ஒட்டிய கம்பளிக்கு விலையும் குறைந்தது. நோய் எப்படி வருகிறது என்பதில் குழப்பம் இருந்ததால் இந்த அலுப்பு நீடித்தது. மோசமான மேய்ச்சல், ஈரம், பசி ஆகியவற்றால் சொறி உடம்பில் தானாகவே பிறக்கிறது என்று நம்பியவர்கள் ஏராளம். 1809இல் ஜெர்மனியின் வால்ஸ், பூச்சிதான் காரணம், அது தொற்றியே வருகிறது என்று எழுதிய பின்னும் அந்த நம்பிக்கை நூறாண்டு உயிரோடிருந்தது. ஆனால் மருத்துவர்களுக்கு முன்பே வழக்கறிஞர்கள் விஷயத்தைப் புரிந்துவைத்திருந்தார்கள் என்று தோன்றுகிறது. வேல்சு மன்னர் ஹைவெல்லின் பெயரால் வழங்கும் இடைக்காலச் சட்டத் தொகுப்பு, ஆடு விற்றவர் குறிப்பிட்ட காலம்வரை சொறிக்குப் பொறுப்பு என்கிறது. நோய் வியாபாரத்தோடு வருகிறது என்பதை ஒப்புக்கொண்டால்தான் இப்படி ஒரு விதி எழுத முடியும்.

ஆஸ்திரேலியக் குடியேற்றத்தின் முதல் அரை நூற்றாண்டு, சொறிக்கென்றே ஏற்பாடு செய்ததுபோல் இருந்தது. வேலி இல்லை. பகலில் கூலி மேய்ப்பர்கள், அவர்களில் பலர் தண்டனைக் கைதிகள், திறந்த வெளியில் மந்தையை ஓட்டினார்கள். இரவில் மரத்தட்டிகளை இணைத்துக் கிடை அமைத்து, நூற்றுக்கணக்கான ஆடுகளை நெருக்கி அடைத்தார்கள். நம் ஊர்க் கிடை அறிந்தவர்களுக்கு அந்த நெருக்கம் கண்முன் வரும். விலாவும் விலாவும் ஒட்டிக் கிடந்த இரவுகளில் பூச்சிக்கு வேறு வாகனம் தேவைப்படவில்லை. ஒருவருடைய மந்தை இன்னொருவருடைய மேய்ச்சலைக் கடந்துதான் சந்தைக்குப் போக வேண்டும். 1832இல் நியூ சவுத் வேல்ஸ் சொறி பரவுவதைத் தடுக்க ஒரு சட்டமே போட்டது. அந்தக் குடியேற்றத்தின் செல்வம் முழுக்கக் கம்பளியில் கட்டப்பட்டிருந்ததால் அந்த அவசரம். சட்டம் இருந்தது, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சொறி பல பத்தாண்டுகள் தாராளமாகத் திரிந்தது.

அப்போதைய சிகிச்சையைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும்; வாதத்தின் கணு அங்கேதான் இருக்கிறது. மரப்பலகையாலோ செங்கல்லாலோ நீண்ட தொட்டி. பக்கத்தில் பெரிய கொப்பரைகளில் புகையிலை கொதித்துக்கொண்டிருக்கும். கந்தகம் சேர்த்த அந்தச் சூடான கஷாயத்தைத் தொட்டியில் நிரப்பி, ஆடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளுவார்கள். கவைக்கோலால் தலையையும் ஒரு தடவை அமுக்கி எடுப்பார்கள், காதுக்குள் பூச்சி தப்பிவிடக் கூடாதே. ரோமம் ஊறித் தோலில் மருந்து படும்வரை பிடித்து நிறுத்தி, பிறகு வடிகட்டும் தளத்தில் ஏற்றுவார்கள். வடிந்த மருந்து மறுபடி தொட்டிக்கே வரும். இதனால் பூச்சி சாகும், முட்டை சாகாது. ஆகவே முட்டை பொரிந்து, புதுப் பூச்சி முட்டையிடுவதற்கு முன், ஏறத்தாழ பத்துப் பதினான்கு நாளுக்குள் மறுபடி முக்க வேண்டும். இரண்டாவது முக்கலைத் தவறவிட்டால் முதலாவது வீண். இரண்டையும் ஒழுங்காகச் செய்தும், குளித்த ஆட்டைப் பழைய கிடையிலேயே அடைத்தால் தட்டியில் ஒட்டிய ரோமத்திலிருந்து மறுபடி ஏறிக்கொள்ளும். அதையும் மாற்றிவிட்டு, பக்கத்து நிலத்திலிருந்து வழிதவறிய ஒற்றை ஆட்டை மந்தையில் சேரவிட்டால் மொத்த உழைப்பும் போயிற்று. குளித்துக் கரையேறிய ஆட்டின் மேல் புகையிலை நீண்ட காலம் காவல் நிற்காது. மருந்தின் வேலை தொட்டியோடு முடிந்தது. அதன் பிறகு சுத்தமான ஆட்டைச் சுத்தமாகவே வைத்திருப்பது மனிதனின் வேலை.

1860களில் நியூ சவுத் வேல்ஸ் செய்த காரியம் இந்த இரண்டாவது வேலையை ஒழுங்குபடுத்தியதுதான். தணிந்திருந்த சொறி விக்டோரியாவிலிருந்து எல்லை தாண்டி மறுபடி நுழைந்தபோது, ஆட்டு மாவட்டங்கள் பிரிக்கப்பட்டன. ஆட்டுக்காரர்களே தங்களுக்குள் இயக்குநர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், ஆய்வாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். தலைமை ஆய்வாளராக இருந்த அலெக்சாண்டர் புரூஸ் பல பத்தாண்டுகள் அந்தத் துறையை நடத்தினார். தொற்றிய மந்தைகளை அழிக்கவும் அதிகாரம் இருந்தது. அழித்ததற்கான ஈட்டுத்தொகை அரசு கஜானாவிலிருந்து இனாமாக வரவில்லை. ஆடு வைத்திருந்த எல்லோரும் தலைக்கு இவ்வளவு என்று கட்டிய வரியிலிருந்து வந்தது. இது மிகக் கூர்மையான ஏற்பாடு. சொறி வந்தவன் மறைக்காமல் சொல்வதற்கு ஈட்டுத்தொகை காரணமானது; சொறி வராதவன் பக்கத்து மந்தையைக் கவனிப்பதற்கு வரி காரணமானது. அந்த இயக்குநர் அமைப்பு சொறியோடு சேர்ந்து செத்துப்போகவில்லை. பெயர் மாறி மாறி, மேய்ச்சல் பாதுகாப்பு வாரியங்களாகி, 2014 முதல் உள்ளூர் நிலச் சேவை என்ற அமைப்புக்குள் இன்றும் நடக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அந்தப் பத்தாண்டுகளில்தான் கம்பிவேலி பரவியது. 1851இன் தங்க வேட்டையில் மேய்ப்பர்கள் ஓடிவிட்டதால் கூலி ஏறியது. நிலச் சட்டங்கள் மாறியதால் எல்லை குறிக்கும் அவசரம் வந்தது. வேலி போட்டவர்கள் கூலியை மிச்சப்படுத்தப் போட்டார்கள், பூச்சிக்காக அல்ல. அப்படியானால் ஆய்வாளருக்கும் வரிக்கும் என்ன பெருமை? வேலியின் பங்கை நான் குறைக்கவில்லை. இரவுக் கிடை போனதே பூச்சிக்குப் பாதிச் சாவு. அந்த வேலிகள் யாருடைய நிலத்தின் குறுக்கே ஓடின என்பதையும் மறந்துவிட முடியாது. பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலம் அது. ஆனால் வேலி மட்டும் போதுமென்றால் சொறி வேலியுள்ள பண்ணைகளில் ஒழிந்து, இல்லாத பண்ணைகளில் நீடித்திருக்க வேண்டும். நடந்தது வேறு. சொறி போனது குடியேற்றம் குடியேற்றமாக, அதாவது சட்டத்தின் எல்லை எதுவோ அந்த எல்லைப்படி. விக்டோரியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் தனித்தனி ஆண்டு இருப்பதன் பொருள் அதுதான்.

ஐஸ்லாந்தின் கதை இன்னும் கடுமையானது. 1761இல் கம்பளித் தரத்தை உயர்த்த இறக்குமதி செய்த இங்கிலாந்துக் கிடாக்களோடு சொறி அந்தத் தீவில் இறங்கியது. மருந்தென்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத காலம். தொற்றிய பகுதிகளின் ஆடுகளை வெட்டித் தீர்த்துத்தான் 1779 வாக்கில் முடிவு கட்டினார்கள். 1850களில் மறுபடி இறக்குமதி ஆடுகளோடு வந்தபோது, வெட்டுவதா வைத்தியம் செய்வதா என்று நாடே இரண்டுபட்டது. சுதந்திரப் போராட்டத்தின் தலைவரான யோன் சிகுர்ட்சன் 1859இல் மன்னரின் ஆணையராக வந்து வைத்தியத்தின் பக்கம் நின்றார், அதனால் தம் ஆதரவாளர்களில் பலரைப் பகைத்துக்கொண்டார். இரண்டாம் முறை ஒழிப்பில் வெட்டும் இருந்தது, மருந்தும் இருந்தது. அதற்கும் இருபதாண்டு பிடித்தது. முதல் முறை மருந்தே இல்லாமல் ஒழிந்தது. வெட்டுவது சிறந்தது என்பது இதன் பொருளல்ல; மருந்து இல்லாமலும் ஒழியும், தடுப்பு இல்லாமல் ஒழியாது என்பதே.

மிகக் கனமான மறுப்பு பிரிட்டனிலிருந்தே வருகிறது. 1869லேயே சட்டம் சொறியைத் தொற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்தது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே மருந்துக் குளியலைக் கட்டாயமாக்கினார்கள். ஆனாலும் ஒழிந்தது 1940களின் பிற்பகுதியில் பி.எச்.சி. எனும் பூச்சிக்கொல்லி வந்த பிறகுதான். அது ரோமத்தில் வாரக்கணக்கில் தங்கியதால், முட்டை பொரிந்து வந்த பூச்சியும் செத்தது. அப்படியானால் மருந்துதானே வென்றது? வென்றது உண்மை. ஆனால் அந்த மருந்து செய்த வேலை எது என்று பார்க்க வேண்டும். பிரிட்டனில் பல பண்ணைகளின் ஆடுகள் ஒரே பொதுமலையில் கலந்து மேய்ந்தன. சந்தைச் சங்கிலி நீண்டது. சட்டத்தை நடத்தும் பொறுப்பு உள்ளாட்சிகளிடம் சிதறிக் கிடந்தது. தடுப்பில் இருந்த ஓட்டைகளை ரோமத்தில் தங்கிய மருந்து தற்காலிகமாக அடைத்தது. ஓட்டைகள் அப்படியே இருந்தன. 1973இல் சொறி திரும்பியபோது நல்ல மருந்துகள் இருந்தன, சட்டம் மீண்டும் கட்டாயக் குளியலைக் கொண்டுவந்தது, பூச்சி போகவில்லை. ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் குளிப்பாட்டுகிறவர்களின் உடம்பைக் கெடுக்கின்றன என்ற அச்சமும் சேர்ந்துகொள்ள, 1992இல் கட்டாயம் கைவிடப்பட்டது, அவரவர் மந்தை அவரவர் பாடு என்றாயிற்று. அதற்குப் பின் சொறி நாடெங்கும் வேரூன்றியது. பக்கத்து மலையிலிருந்து வரும் பூச்சியை என் பண்ணைக்குள் மட்டும் மருந்தடித்து நிறுத்தலாம் என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் வரலாற்றில் எனக்குத் தெரியவில்லை.

இப்படிச் சட்டத்தைப் புகழும்போது, அதன் அடி யார் முதுகில் விழுந்தது என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்றத்தில் 1886இலும் 1894இலும் வந்த சொறிச் சட்டங்களை டச்சு வம்சாவளி விவசாயிகளில் பெரும்பகுதி கடுமையாக எதிர்த்தது. ஆப்பிரிக்கானர் பாண்ட் என்ற அவர்களுடைய அரசியல் அமைப்புக்குள்ளேயே இது பிளவை உண்டாக்கியது. அவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று ஆங்கில அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். வறட்சியில் மந்தையோடு இடம்பெயர்ந்தால்தான் ஆடு பிழைக்கும் வறண்ட நாட்டில், அனுமதிச் சீட்டு இல்லாமல் நகராதே என்பது ஆட்டைச் சாகவிடு என்பதற்குச் சமம். குடிக்கவே தண்ணீர் இல்லாத இடத்தில் தொட்டி நிரப்பச் சொன்னார்கள். சொந்த நிலமும் வேலியும் உள்ளவனுக்குச் சட்டம் லாபம், ஊர்ஊராய் மேய்க்கிறவனுக்கு நட்டம். அவர்கள் குறை நியாயமானது. ஆனால் சொறி தானாகப் பிறக்கிறது என்ற அவர்கள் விளக்கம் தவறு. 1880 முதல் அங்கே அரசு கால்நடை மருத்துவராக இருந்த டங்கன் ஹட்சியன் அது தவறென்று திரும்பத் திரும்பச் சொன்னார். குறையைக் கேட்டுத் தண்ணீருக்கும் வழித்தடத்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டுச் சட்டம் போட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக, எதிர்ப்பாளர்களைச் சமாதானப்படுத்த, ஒப்புக்கொண்ட பகுதிகளில் மட்டும் அமல்படுத்தினார்கள். விட்டுவைத்த பகுதியிலிருந்து பூச்சி திரும்பத் திரும்ப வந்தது.

இந்த வாதத்துக்கு எல்லையும் உண்டு. ஆட்டுப் பேனும் ஆட்டில் மட்டுமே வாழ்கிறது. சொறியை ஒழித்த அதே ஆஸ்திரேலியாவில் பேன் இன்றும் இருக்கிறது. பேன் ஆட்டைக் கொல்வதில்லை. கம்பளி விலையைத்தான் குறைக்கிறது. அதற்காக மந்தையை அழிக்க எவரும் சம்மதிக்கப் போவதில்லை. பயம் இல்லாத இடத்தில் அயலான்மீது காவலும் இல்லை. ஈரல் தட்டைப்புழு இன்னொரு வகை. 1879-80இல் அது பிரிட்டனில் சுமார் முப்பது லட்சம் ஆடுகளை வாரிக்கொண்டு போன பிறகுதான் ஆக்ஸ்போர்டில் தாமஸும் லைப்சிக்கில் லாய்க்கார்ட்டும், தனித்தனியாக, அது ஒரு சிறு நத்தைக்குள் வளர்வதைக் கண்டறிந்தார்கள். சேற்று நத்தை எந்த வேலிக்கும் கட்டுப்படாது. அங்கே தடுப்பு என்பது ஈர நிலத்திலிருந்து ஆட்டை விலக்குவது.

குடற்புழுக்களும் புல்லிலேயே இருப்பவை. அவற்றை வேலிக்கு வெளியே நிறுத்த முடியாது என்பது சரி. ஆனால் வெளியிலிருந்து வாங்கி வரக்கூடிய ஒன்று அங்கேயும் இருக்கிறது. 1961இல் தயாபெண்டசோல் வந்தபோது குடற்புழுவின் கதை முடிந்தது என்று நினைத்தார்கள்; 1964லேயே அதற்கு அடங்காத இரத்தம் உறிஞ்சும் புழு பதிவாயிற்று. 1981இல் ஐவர்மெக்டின் வந்தது, பத்தாண்டுக்குள் தென்னாப்பிரிக்காவில் அதற்கும் அடங்காத புழு வந்துவிட்டது. 2009இல் நியூசிலாந்தில் விற்பனைக்கு வந்த மோனிபாண்டெலுக்கு நான்கைந்து ஆண்டுகூடத் தேவைப்படவில்லை. மருந்துக்கு அடங்காத இந்தப் புழுக்கள் பல பண்ணைகளுக்கு விலை கொடுத்து வாங்கிய கிடாவின் வயிற்றில்தான் வந்து சேர்கின்றன. சொறியிலும் இதே நிலைதான். குளியல் தொட்டியை விட்டுவிட்டு ஐவர்மெக்டின் குடும்பத்து ஊசிகளை நம்பிய பிரிட்டனில், அந்த ஊசிக்குச் சாகாத சொறிப் பூச்சிகள் இருப்பதை 2018இல் ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள்.

ஆகவே இன்றைய நெறிமுறை பழைய ஆய்வாளரின் வேலைக்கே திரும்பியிருக்கிறது. புதிதாக வாங்கிய ஆட்டை மூன்று, நான்கு வாரம் தனியே வை. வெவ்வேறு வகையான இரண்டு குடற்புழு மருந்து கொடு. ஒன்றிரண்டு நாள் கொட்டிலிலேயே வைத்து, பிழைத்த புழுவின் முட்டை புல்லில் விழாமல் பார்த்துக்கொள். பிறகு உன் சொந்த ஆடுகள் மேய்ந்த நிலத்தில் விடு, வந்த புழு உள்ளூர்ப் புழுக்கூட்டத்தில் கரைந்துபோகட்டும். கோடையில் ஒளிந்திருக்கும் சொறியை இரத்தத்தில் கண்டுபிடிக்க ஸ்காட்லாந்தின் மோர்டன் ஆய்வு நிலையம் ஒரு பரிசோதனையை உருவாக்கியிருக்கிறது. 1832இன் ஆட்டுக்காரனுக்கு இது கிடைத்திருந்தால் பாதி மந்தை தப்பியிருக்கும். இவ்வளவும் ஒரு தனிப் பண்ணைக்காரர் தாமே செய்யக்கூடியவை, செய்தால் நல்லது. பக்கத்துப் பண்ணைக்குச் சொறி வந்ததை அவருக்குத் தெரியப்படுத்தும் கடமை யாருக்கு என்பதுதான் 1992இல் பிரிட்டன் விடையில்லாமல் விட்ட கேள்வி. பதினெட்டு ஆண்டு கழித்து, 2010 டிசம்பரில், ஸ்காட்லாந்து சொறியை மறுபடி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. சந்தேகம் இருந்தாலே சொல்ல வேண்டும், சொன்ன நாள் முதல் அந்த மந்தை நகரக் கூடாது என்பது அங்கே இப்போது சட்டம்.